முதியோர் இல்லங்களும் இரண்டு முறைப்பாடுகளும்

சில வாரங்களுக்கு முன்னர் கனடாவிலிருந்து பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் பகுதியில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றுக்கு அவரும் அவருடைய ஊர்ச் சங்கத்தினரும் பல ஆண்டுகளாகப் பணம் அனுப்பி வருகின்றனர். அந்த இல்லம் தொடர்பில் அவர்களுக்கு இரண்டு முறைப்பாடுகள் கிடைத்திருந்தன. அனுப்பும் பணத்துக்கு ஒழுங்கான கணக்கு இல்லை என்பது ஒன்று. அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பயிற்சி இல்லை, முதியோரைத் தூக்கவோ, கழுவவோ, மருந்து கொடுக்கவோ அவர்களுக்கு முறையாகத் தெரியாது என்பது மற்றது. சங்கக் கூட்டத்தில் நீண்ட விவாதம் நடந்ததாம். "முதலிலை காசு விசயத்தைப் பாப்பம், பயிற்சி விசயத்தைப் பிறகு ஆறுதலாப் பாக்கலாம்" என்று முடிவாயிற்றாம். கணக்காளர் ஒருவரை அனுப்புகிறார்கள். பத்திரிகைக்காரன் என்ற முறையில் நான் அவருக்குத் துணையாக இருக்க முடியுமா என்று நண்பர் கேட்டார்.

இருக்கிறேன் என்றேன். கூடவே, சங்கத்தின் முடிவு பிழையானது என்றும் சொன்னேன். அவர் சற்றுச் சினந்துகொண்டார். தொலைபேசியில் விளக்க முடியாததை இங்கே எழுதுகிறேன். ஒரு முதியோர் இல்லத்தில் பணம் பற்றிய முறைப்பாடும் பயிற்சி பற்றிய முறைப்பாடும் பெரும்பாலும் ஒரே முறைப்பாடுதான். ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் விசாரிக்கலாம் என்று நினைப்பவர்கள் இரண்டிலும் ஏமாறுவார்கள். நானே அப்படி ஏமாந்தவன்.

2003ஆம் ஆண்டு. போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த காலம். முதல் ஆண்டு ஏ-9 வீதி திறக்கப்பட்டதிலிருந்து வெளிநாடுகளில் இருந்தவர்கள் ஊருக்கு வந்துபோகத் தொடங்கியிருந்தார்கள். வந்தவர்கள் கோவிலுக்குக் கொடுத்தார்கள், பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள், முதியோர் இல்லங்களுக்கும் கொடுத்தார்கள். அக்காலத்தில் எங்கள் ஆசிரியபீடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. இன்ன இல்லத்தில் பணம் சுருட்டப்படுகிறது என்று அதில் எழுதியிருந்தது. மொட்டைக் கடிதங்களைக் குப்பைக் கூடையில் போடுவதே வழக்கம். இந்தக் கடிதத்தில் இரண்டு பற்றுச்சீட்டு இலக்கங்கள் இருந்தன. ஆகவே போனேன்.

மூன்று நாட்கள் அந்த இல்லத்தின் கொப்பிகளோடு இருந்தேன். நான்காம் நாள் விடயம் பிடிபட்டது. பிறந்தநாள், ஆட்டைத் திவசம் என்று சொல்லி மதிய உணவுக்குப் பணம் கட்டுகிறவர்களுக்குப் பற்றுச்சீட்டு கொடுப்பார்கள். ஒரே திகதிக்கு மூன்று குடும்பங்களிடம் பணம் வாங்கி மூன்று பற்றுச்சீட்டுகள் கொடுத்திருந்தார்கள். மூன்று குடும்பங்களும் மூன்று நாடுகளில் இருந்தன. ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது. ஒரு சமையல்தான் நடந்தது, படம் மட்டும் மூன்று பேருக்கும் அனுப்பப்பட்டது. எழுதினேன். முதற்பக்கத்தில் வந்தது. செயலாளர் பதவி விலகினார், புதிய நிர்வாக சபை வந்தது, என்னைப் பலர் பாராட்டினார்கள்.

அந்த மூன்று நாட்களில் ஒருநாள் பின்வளவில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் பிள்ளையோடு பேசினேன். இருபது வயதுக்கு மேல் இராது. காசு பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "காசைப் பற்றி எனக்குத் தெரியாது ஐயா. இரவிலை 22 பேருக்கு நான் ஒராள்தான். எப்பிடித் தூக்கிறதெண்டு எனக்கு ஒருத்தரும் காட்டித்தரேல்லை." குறிப்புக் கொப்பியில் அதை எழுதிக்கொண்டேன். செய்தியில் சேர்க்கவில்லை. அது அவளுடைய வேலைச் சுமை பற்றிய புலம்பல், நான் தேடி வந்தது வேறு என்று நினைத்தேன்.

ஐந்து மாதங்களுக்குப் பின்னர் வேறொரு அலுவலாக அதே இல்லத்துக்குப் போக நேர்ந்தது. புதிய நிர்வாகத்தினர் பெருமையோடு கொப்பிகளைக் காட்டினார்கள். பற்றுச்சீட்டுகள் இலக்க ஒழுங்கில் இருந்தன. வங்கி மீதி சரியாக இருந்தது. பின் அறையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கிடந்தார். முதல் தடவை போனபோது கதிரையில் இருந்து என்னிடம் பத்திரிகை கேட்டு வாங்கி, எழுத்துப் பிழைகளைச் சுட்டிக்காட்டியவர். இடையில் விழுந்திருக்கிறார். தூக்கியவர்கள் கக்கத்தில் கைகொடுத்து இழுத்துத் தூக்கியிருக்கிறார்கள். பிறகு அவர் எழும்பவேயில்லை. முதுகின் அடியில் படுக்கைப் புண் எலும்பு தெரியுமளவுக்கு இருந்தது. அறைக்குள் நுழையும்போதே மணத்தது. இரண்டு வாரங்களில் அவர் காலமானார். அந்தப் பெண் பிள்ளை வேலையை விட்டுப் போயிருந்தாள். அவளுடைய இடத்தில் அதே வயதில் இன்னொரு பிள்ளை நின்றது. அந்தப் பிள்ளைக்கும் ஒருவரும் ஒன்றும் காட்டிக் கொடுத்திருக்கவில்லை.

கணக்கு திருந்தியிருந்தது. கட்டில் திருந்தவில்லை. கணக்கைத் திருத்திய பெருமை எனக்கு உண்டென்றால் மற்றதிலும் எனக்குப் பங்குண்டு.

படுக்கைப் புண் விதியால் வருவதில்லை. தானாகப் புரள முடியாதவரை ஒரே பக்கமாகப் படுக்கவிட்டால் எலும்புக்கும் மெத்தைக்கும் இடையில் அகப்பட்ட தோலுக்கு இரத்தம் போகாது. சில மணி நேரத்திலேயே தோல் சிவந்து கெடத் தொடங்கும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிவிட வேண்டும் என்பது தாதியர் வழக்கமாகக் கற்பது. படுத்தபடி கிடப்பவருக்குக் கஞ்சி பருக்கினால் அது சுவாசப்பைக்குள் போய் நியூமோனியாவில் முடியும். இன்சுலின் போட்டபின் சாப்பாடு பிந்தினால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அதை நித்திரை என்று நினைத்து விட்டுவிட்டால் உயிர் போகும். மறதி நோய் உள்ளவர் மாலையானதும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கதவைத் தட்டுவது பிடிவாதமல்ல, நோயின் இயல்பு. இது தெரியாதவர் அவரை அதட்டுவார், பிறகு கட்டிலோடு கட்டிவைப்பார். இவை எவையும் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டியவை அல்ல. ஒருவர் பக்கத்தில் நின்று சில வாரங்கள் காட்டிக் கொடுத்தால் போதும். காட்டிக் கொடுப்பவருக்கும் கற்பவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

இங்கேதான் இரண்டு முறைப்பாடுகளும் சந்திக்கின்றன. ஒரு பராமரிப்பு இல்லத்தில் நியாயமாகப் பார்த்தால் பெரிய செலவு சம்பளமாக இருக்க வேண்டும். எங்கள் இல்லங்களுக்குக் கிடைக்கும் நன்கொடையோ பெரும்பாலும் சாப்பாட்டுக்கானது. தந்தையின் நினைவாக ஒரு மதிய உணவு, பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு மதிய உணவு. சில இல்லங்களில் கிழமைக்கு மூன்று நாள் பாயாசம். அதைச் சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்குச் சலரோகம் என்று பாயாசம் கொடுப்பவர் கேட்பதில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு வருகிறார், பரிமாறுகிறார், படம் எடுக்கிறார், போகிறார். இரவு இரண்டு மணிக்கு யார் விழித்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. இன்னாரின் நினைவாக ஓர் இரவுப் பணியாளரின் ஆறு மாதச் சம்பளம் என்று எழுதிய பலகையை நான் எந்த இல்லத்திலும் கண்டதில்லை.

இதில் எங்கள் தொழிலின் பங்கையும் மறைக்கக் கூடாது. அந்தப் படங்களைப் பிரசுரித்தவர்கள் நாங்கள். காசோலையின் ஒரு முனையை நன்கொடையாளரும் மறு முனையைத் தலைவரும் பிடித்திருக்க, பின்னால் மூதாட்டிகள் வரிசையாக நிற்கும் படங்களைக் கணக்கின்றி நானும் பக்கத்தில் போட்டிருக்கிறேன். அப்படத்தில் நிற்கும் முதியவர்களின் பெயர்களை ஒருநாளும் கேட்டதில்லை.

பணம் உணவாக வந்து குவியும்போது நிர்வாகத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. உணவுப் பணத்தை வேறு செலவுக்கு மாற்றிவிட்டுக் கணக்கை மறைக்கலாம். அல்லது கணக்கை நேர்மையாக வைத்துக்கொண்டு குறைந்த சம்பளத்துக்குக் கிடைப்பவரை வேலைக்கு வைக்கலாம். முதலாவது வழியை மோசடி என்கிறோம், இரண்டாவதைச் சிக்கனம் என்று பாராட்டுகிறோம். கட்டிலில் கிடப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் முடிகிறது. 2003இல் நான் பிடித்த அந்த மூன்று பற்றுச்சீட்டுப் பணத்தில் ஒரு பகுதி ஊழியர் சம்பளத்துக்கே போயிருந்தது என்பது பிற்பாடு தெரியவந்தது. மோசடியை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. மோசடியை நிறுத்திய புதிய சபை அந்தச் சம்பளத்துக்கு வேறு வழி தேடவில்லை, ஆளைக் குறைத்துவிட்டது. அதைக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை என்பதையே சொல்ல வருகிறேன்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முதியோருக்கான தேசிய சபை உருவாக்கப்பட்டது. ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. அதற்கு முன்பே 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் தொண்டு நிறுவனங்களின் பதிவுக்கும் மேற்பார்வைக்கும் வழி செய்தது. அந்தச் சட்டமும் 1998இல் வந்த அதன் திருத்தமும், நிதி மோசடி பற்றிய முறைப்பாடு வந்தால் விசாரணைச் சபை அமைக்கவும், இடைக்கால நிர்வாக சபையை நியமிக்கவும் அதிகாரம் அளித்தன. பணம் காணாமற் போனால் சட்டம் கதவைத் தட்டும். பணம் இருந்தும் பராமரிப்பு காணாமற் போனால் தட்டுவது யார்?

இன்னுமொரு சிறிய விடயம். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. தொழில் தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான ஊழியரைக் கொண்ட அறப்பணி நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கு நல்ல நோக்கத்தோடு கொடுக்கப்பட்டது. ஆனால் ஒன்பது பேரோடு நின்றுகொள்ளும் இல்லத்தில் வேலை செய்கிற பிள்ளைக்குச் சேமலாபம் இல்லை, நாளை என்று ஒன்று இல்லை. அவள் ஏன் அங்கே நிற்பாள்? புடவைக் கடையில் நூறு ரூபா கூடுதலாகக் கிடைத்தால் போய்விடுவாள். காட்டிக் கொடுத்த பயிற்சியும் அவளோடு போய்விடும்.

இது ஏழை நாட்டின் சிக்கல் மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு இங்கிலாந்தில் நடந்ததொன்றைச் சொல்ல வேண்டும். பிரிஸ்டலுக்கு அருகில் விண்டர்போர்ன் வியூ என்று ஒரு தனியார் நிலையம் இருந்தது. முதியோருக்கானதல்ல, கற்றல் குறைபாடும் ஓட்டிசமும் உள்ளவர்களுக்கானது. ஒருவருக்கு வாரத்துக்குச் சராசரியாக 3,500 பவுண் வரை பொதுப் பணத்திலிருந்து செலுத்தப்பட்டது. அங்கு பணிபுரிந்த மூத்த தாதி ஒருவர் உள்ளே நடக்கும் கொடுமைகளைப் பற்றி 2010இல் நிர்வாகத்துக்கு முறையிட்டார், கண்காணிப்பு ஆணைக்குழுவுக்கும் எழுதினார். பயனில்லை. பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியின் செய்தியாளர் ஒருவர் ஊழியராக உள்ளே சென்று ஒளிப்படக் கருவியோடு வேலை செய்தார். 2011 மே 31இல் அது ஒளிபரப்பானது. அடுத்த மாதமே நிலையம் மூடப்பட்டது. 2012 ஒக்டோபரில் 11 ஊழியர்களுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, அவர்களில் ஆறு பேர் சிறை சென்றனர். பின்னர் வந்த மீளாய்வு அறிக்கை, அந்த ஊழியருக்குக் கிடைத்த பயிற்சி நோயாளரை அடக்கிப் பிடிப்பதையே மையமாகக் கொண்டிருந்ததைச் சுட்டிக்காட்டியது. 3,500 பவுணுக்கும் முறையான கணக்கு இருந்திருக்கும். அந்தப் பணம் எதை வாங்கியது என்பதைத்தான் பணம் கொடுத்தவர்கள் கேட்கவில்லை.

இங்கிலாந்தில் 2015 ஏப்ரலில் பராமரிப்புச் சான்றிதழ் என்ற அடிப்படைப் பயிற்சி முறை கொண்டுவரப்பட்டது. அந்நாட்டுப் பராமரிப்பு இல்லங்களில் எங்கள் பிள்ளைகள் பலர் வேலை செய்கிறார்கள். ஒருவரைக் கட்டிலிலிருந்து தூக்குவதற்கு முன்னர் அவர்கள் பயிற்சி பெறுகிறார்கள். அதே பிள்ளைகள் மாதம் தவறாமல் ஊரிலுள்ள இல்லத்துக்குப் பணம் அனுப்புகிறார்கள். தமக்குக் கட்டாயமாக இருந்த பயிற்சி, தம்முடைய அம்மம்மாவைத் தூக்குகிறவருக்கு உண்டா என்று கேட்பவர் குறைவு. இலங்கையிலும் பராமரிப்பாளர் தொழிலுக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் பராமரிப்புப் பணிக்குப் போக விரும்புகிறவர்கள் படிக்கிறார்கள், பரீட்சை எழுதுகிறார்கள், போகிறார்கள். அந்நாடுகளின் முதியவர்களுக்கு நாங்கள் பயிற்றப்பட்ட கைகளை அனுப்புகிறோம். எங்களுடைய முதியவர்களுக்கு, வேறு வேலை கிடைக்கும் வரை நிற்கிற ஒரு பிள்ளையை நிறுத்துகிறோம்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் பகுதியின் இல்லங்களில் பலவற்றை நடத்துகிறவர்கள் நல்லவர்கள். கன்னியாஸ்திரிகள், ஓய்வுபெற்ற அதிபர்கள், கோவில் அறங்காவலர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், வீடு பூட்டிக் கிடக்கிறது, பார்க்க ஆளில்லை என்ற நிலையில் கையேந்தி வருபவர்களை ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். விசாரணை என்று போய் இல்லத்தை மூடிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி நியாயமானது. அரச இல்லங்களிலும் எல்லோருக்கும் இடமில்லை. நான் மூடச் சொல்லவில்லை. நல்லவர்கள் நடத்துகிறார்கள் என்பதால் கேட்காமல் விடுவதும், ஒருநாள் கோபம் வந்து மூடிவிடுவதும் ஒரே அலட்சியத்தின் இரண்டு முகங்கள். தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் மூட வேண்டிய நிலை வராது.

ஆகவே நண்பருடைய சங்கம் அனுப்பும் கணக்காளருக்கு நான் சொல்லவிருப்பது இதுதான். சம்பளப் பட்டியலையும் இரவுப் பணி வரவுப் பதிவையும் ஒரே மேசையில் வைத்துப் பாருங்கள். சம்பளம் வாங்கும் பெயர் இரவில் இல்லையென்றால் அது பண முறைப்பாடு. இரவில் ஒரு பெயர்தான் இருக்கிறதென்றால் அது பராமரிப்பு முறைப்பாடு. இரண்டும் ஒரே தாளில் தெரியும். ஓர் ஆண்டில் எத்தனை பேர் வேலைக்கு வந்து எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணுங்கள். "பயிற்சிப் பட்டறை" என்று செலவு எழுதியிருந்தால், மண்டபம், பதாகை, தேநீர் போக, கற்பித்தவருக்கு எவ்வளவு போனது என்று பாருங்கள். பிறகு கொப்பியை மூடிவைத்துவிட்டு ஒரு கட்டிலில் நீங்களே படுங்கள். "என்னைக் கதிரைக்கு மாற்றிக் காட்டுங்கள்" என்று அங்குள்ள பணியாளரிடம் சொல்லுங்கள். அவர் எங்கே கைவைக்கிறார் என்பதில் அந்த இல்லத்தின் பயிற்சி முழுவதும் தெரிந்துவிடும்.

கடைசியாக, முதியவர்களோடு தனியாகப் பேசுங்கள். பொறுப்பாளர் பக்கத்தில் நின்றால் எல்லோரும் குறையில்லை என்றுதான் சொல்வார்கள். இரவு தண்ணீர் தருகிறவரைப் பகலில் யார் குறை சொல்வார்கள்? வங்கிப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, முதியோர் கொடுப்பனவுக்குக் கைநாட்டு வைத்தபின் காசு யார் கைக்குப் போகிறது, காணி உறுதி எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா என்று மெதுவாகக் கேளுங்கள். பதில் சொல்ல நேரம் கொடுங்கள். ஒரு பின்னேரம் போதாது, இரண்டு மூன்று முறை போக வேண்டும். அரச திணைக்களங்கள் அந்த இல்லத்தைக் கடைசியாக எப்போது பார்வையிட்டன, என்ன எழுதின என்பதையும் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. எங்கள் காலத்தில் இருக்காத கருவி அது.

இதையெல்லாம் நண்பருக்குச் சொன்னபோது, "அப்ப எங்கடை காசை நிப்பாட்டட்டோ?" என்று கேட்டார். நிறுத்த வேண்டாம் என்றேன். அடுத்த ஆண்டுக்குச் சங்கம் ஒதுக்கியிருக்கும் மதிய உணவுகளில் பாதியைக் குறைத்து, அந்தப் பணத்தில் இரவுக்கு இரண்டாவது ஆளையும், கிழமையில் இரண்டு நாள் வந்து காட்டிக் கொடுக்க ஓய்வுபெற்ற தாதி ஒருவரையும் கேளுங்கள் என்றேன். சங்கத்தில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். படம் எடுத்து அனுப்ப முடியாத நன்கொடைக்குச் சம்மதம் வாங்குவது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும்.

அந்த 2003ஆம் ஆண்டுக் குறிப்புக் கொப்பி இன்னமும் என்னிடம் இருக்கிறது. இடப்பெயர்வுகளில் எத்தனையோ புத்தகங்கள் போய்விட்டன, இது எப்படியோ தப்பிவிட்டது. மூன்று பற்றுச்சீட்டு இலக்கங்களும் ஒரு பக்கத்தில் சிவப்பு மையால் கோடிடப்பட்டிருக்கின்றன. அடுத்த பக்கத்தில் அந்தப் பிள்ளை சொன்ன வசனம் கோடு எதுவுமின்றி இருக்கிறது. கணக்காளரோடு போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன்.